மரித்தோர் பட்டியலில் ஒரு பெயர்

கார்ட்டியர்வில், மொன்றியல்
14 நவம்பர் 2023

அன்பின் சிசிலிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். உம்முடைய வலன்ரைன் இறந்துவிட்டார் என்று நான் மொன்றியல் முழுவதும் சொல்லித் திரிவதாகப் பேச்சு அடிபடுகிறது. இதற்குள் அது பேசாலை வரைக்கும் வந்திருக்கும். நான் அப்படி ஒருவரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நவம்பர் மாதத்தில் எங்கள் தமிழ்ப் பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும். உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக இன்னொரு தாளும் கொடுக்கலாம். நான் இரண்டும் கொடுத்தேன். ஜெயனி என்ற பிள்ளை தன் குழந்தையைக் கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு வந்து, எல்லாத் தாள்களையும் பார்த்து அவசரம் அவசரமாகத் தட்டச்சு செய்கிறாள். ஐந்தாம் திகதி ஞாயிறு, காலை ஒன்பது மணிப் பூசையில், என் கணவர் யோசெப்பின் பெயருக்கு அடுத்ததாக 'பேசாலை வலன்ரைன்' என்று வாசித்தார்கள். எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. பூசையின் நடுவில் எழுந்து நின்று திருத்துவது எனக்குப் பழக்கம் இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எழுதியது எழுதியபடி இருக்கும்.

எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை. உமக்கு இளைப்பு எப்படி? வலன்ரைன் எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி விபரமாக எழுதும்.

அன்புடன்,
மச்சாள் அக்னெஸ்


பேசாலை
6 டிசம்பர் 2023

அன்புள்ள மச்சாளுக்கு,

மாதாவின் தயவில் எனக்கு இளைப்புக் குறைவு. உங்கள் முழங்காலை நினைத்து ஒவ்வொரு நாளும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். குளிருக்குள் வெளியே இறங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஏனென்றால் அது வருவதற்கு முன்பே ரொறன்ரோவில் இருந்து இவருடைய சித்தப்பா மகன் துக்கம் விசாரிக்க அழைப்பு எடுத்துவிட்டார். தொலைபேசியைத் தூக்கியது இவர்தான். "ஓம், செத்தவன்தான் கதைக்கிறன், சொல்லு" என்றாராம். அந்தப் பிள்ளை ஜெயனியை ஏசாதீர்கள் மச்சாள். கைக்குழந்தைக்காரிக்குத் தாள் மாறுவது ஒரு குற்றமா?

இவருக்கு ஒரு சின்னக் கரைச்சல் மட்டும் இருக்கிறது. தாகம். நீங்கள் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை, இரவுச் சாப்பாட்டில் தொடங்கியது. நாள் நினைவிருப்பதற்குக் காரணம், அன்று பாரை மீன் குழம்பு, உப்பைக் கொட்டிவிட்டாய் என்று என்னோடு சண்டை பிடித்தார். நானும் அதைத்தான் சாப்பிட்டேன். உப்பு அளவாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். குடித்து முடித்ததும் நாக்கு காய்ந்திருக்கிறது என்கிறார். உதடெல்லாம் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை.

இன்னொன்றையும் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். காலையில் இவர் படுத்த விரிப்பை உதறினால் மணல் கொட்டுகிறது. எங்கள் முற்றத்து மண் இல்லை. வெள்ளையாக, சிப்பித் தூள் கலந்தது. கடற்கரைப் பக்கம் இவர் போய் மூன்று மாதம் இருக்கும்.

இந்த முறை நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் சுடுவதாக இல்லை. உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிசிலி


கார்ட்டியர்வில்
27 டிசம்பர் 2023

அன்பின் சிசிலிக்கு,

பாலன் பிறந்த நாட்களில் உமக்குச் சமாதானம் உண்டாகட்டும். நான் சுகம்.

உமது கடிதத்தைக் கவனமாக வாசித்தேன். சில விபரங்கள் போதாது. உமது கணவருக்குத் தாகம் நாள் முழுவதும் ஒரே அளவா, அல்லது நண்பகலில் கூடுகிறதா? வீட்டுக்குள்ளும் நிழலைத் தேடுகிறாரா? நித்திரையில் பேசுகிறாரா? பேசினால் அந்தச் சொற்களை அப்படியே எழுதும். உமது அபிப்பிராயத்தைச் சேர்க்க வேண்டாம்.

ஜெயனி தன் பிழையை ஒப்புக்கொள்வதாக இல்லை. போன ஞாயிறு கோயில் வாசலில் என்னை மறித்து, "அன்ரி, நீங்கள் எழுதித் தந்த பேப்பர் என்னட்டை இருக்கு. பங்குச் சுவாமியட்டைக் காட்டட்டோ?" என்று கேட்டாள். தாராளமாகக் காட்டு என்றேன். அவள் அழுதுகொண்டு மெட்ரோவுக்குப் போனாள். கோயிலில் இப்போது அவளை ஒருவரும் தட்டச்சு செய்யக் கேட்பதில்லை.

இந்த நாட்களில் எனக்குக் கொன்வென்ற் நினைவு அடிக்கடி வருகிறது. எங்களுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவர் ஓர் ஐரிஷ் மதர். நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துத் துன்பியல் நாடகங்களைப் படிப்பிக்கும்போது முதலில் கதையைச் சொல்லமாட்டார். அதைப் பார்க்க வந்த சனம் எதை நம்பியது என்பதைத்தான் சொல்வார். பாவம் தீரும் வரை ஆத்துமாக்கள் வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இல்லையென்று அந்த நாட்டில் அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். இறந்தவர்களுக்குப் பூசை வைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இனி அந்த ஆத்துமாக்கள் எங்கே போய் மன்றாட்டுக் கேட்கும்? மேடைக்கு வந்தன என்பார் மதர். அநியாயமாகச் செத்தவர் திரும்பி வந்து நிற்பார். அவர்தானா, அவருடைய உருவத்தில் வந்த பிசாசா என்று பார்ப்பவருக்கு நிச்சயம் இராது. கேட்காமல் அவர் பேசமாட்டார். கேட்டுவிட்டால், கேட்டவர் தலையில் ஒரு கடமை விழும். பழி தீர்ப்பது ஆண்டவருடைய வேலை என்று அந்தச் சனம் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வேலையைக் கையில் எடுத்தவன், எவ்வளவு நியாயம் உள்ளவனாக இருந்தாலும், ஐந்தாம் அங்கத்தில், அதாவது நாடகத்தின் கடைசி அங்கத்தில், விழுவான். "ஐந்தாம் அங்கத்தில் இருந்து ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை, பிள்ளைகளே" என்று மதர் புத்தகத்தை மூடுவார்.

அதற்கும் முந்திய காலத்தில் இன்னொரு நம்பிக்கை இருந்ததாம். உயிரோடு இருப்பவனுக்கு மரித்தோர் பூசை செய்வித்தால் அவன் மெலிந்து மெலிந்து போய்ச் சேருவான் என்று. திருச்சபை அதைப் பெரிய பாவம் என்று தடை செய்தது. இதெல்லாம் மூடத்தனம், நீர் இதைக் கேள்விப்பட்டால் பயப்படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆறு பாதி உறைந்துவிட்டது. என் நான்காம் மாடி யன்னலில் இருந்து பார்த்தால், நடு ஆற்றில் வெள்ளையாக ஓர் ஐஸ் திட்டு தெரிகிறது. சுற்றிவரத் தண்ணீர். நேற்று நண்பகல் அதில் ஒருவர் நின்றார். மேலங்கி போடவில்லை. எப்படி அங்கே போனார் என்று தெரியவில்லை. இன்றும் நின்றார்.

கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதும்.

மச்சாள் அக்னெஸ்


பேசாலை
18 ஜனவரி 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

புது வருடம் உங்களுக்கு நோயில்லாமல் இருக்க வேண்டுகிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன். தாகம் நண்பகலில்தான் கூடுகிறது. பன்னிரண்டு மணியானால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிறார். ஏன் என்று கேட்டால் வெயில் சுடுகிறது என்கிறார். அறையில் ஒரு யன்னல், அதையும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். முகமும் கழுத்தும் வெயிலில் நின்றவர் போலக் கறுத்து உரிகின்றன. வைத்தியர் பூச மருந்து தந்தார், கேட்கவில்லை.

நித்திரையில் பேசுகிறார். முதல் நாட்களில் விளங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் தண்ணீரோடு பக்கத்தில் போனேன். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தள்ளிவிட்டு, "அத்தானுக்கு முதல்ல குடுங்கோ" என்றார்.

இவர் அத்தான் என்று கூப்பிட்டது ஒரே ஒருவரைத்தான். என் அண்ணையை. உங்கள் யோசெப்பை.

நான் உங்களைப் போலப் படித்தவள் இல்லை. ஆனால் உங்கள் கேள்விகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நண்பகலா என்று கேட்டிருக்கிறீர்கள். நிழலா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதாத ஒன்றை நீங்கள் எப்படி அறிந்தீர்கள்? உங்களுக்கு என்ன தெரியும் மச்சாள்?

சிசிலி


கார்ட்டியர்வில்
9 பெப்ரவரி 2024

சிசிலிக்கு,

நான் சுகம். உமக்கும் அப்படியே இருக்கட்டும்.

என்ன தெரியும் என்று கேட்டீர். எழுதுகிறேன்.

போன ஓகஸ்டில் இங்கே வில்லரேயில் ஒரு கலியாண வீட்டில் குணரத்தினம் என்ற வயோதிபரைச் சந்தித்தேன். தொண்ணூறாம் ஆண்டு பேசாலையில் இருந்து இந்தியாவுக்குப் போன வள்ளத்தில் அவரும் இருந்தார். யோசெப்பும் உமது கணவரும் போன அதே வள்ளம். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பிள்ளையோடு காத்திருந்தேன். உமது கணவர் எனக்கு எழுதியது உமக்கு நினைவிருக்கும். அலை அடித்தது, அத்தான் கடலில் விழுந்துவிட்டார், உடலும் கிடைக்கவில்லை என்று. முப்பத்து மூன்று வருடம் நான் அதை நம்பினேன்.

குணரத்தினம் வேறு விதமாகச் சொன்னார். வள்ளக்காரர் எல்லோரையும் நடுக்கடல் மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மறுகரை மீனவர்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். கடைசி வள்ளத்தில் இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு பேர் மிஞ்சினார்கள். உமது கணவர் ஏறினார்.

"உங்கட மனுசன் திட்டில நிண்டு கையைக் காட்டினவர். வேற வள்ளம் போய் ஏத்தும் எண்டுதான் நாங்கள் நினைச்சம். பேந்துதான் கேள்விப்பட்டன், திட்டில ஒருத்தரும் இல்லை எண்டு வள்ளத்தில ஏறின வலன்ரைன் கரையில சொல்லிப்போட்டாராம்."

அந்தத் திட்டில் நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. எத்தனை நாள் நின்றிருப்பார் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீரும் போட்டுப் பாரும்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. நவம்பர் வந்தது. தாளில் யோசெப்பின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே உமது கணவரின் பெயரை எழுதினேன். மரித்தோர் தாள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதினேன். உயிரோடு இருப்பவர்களுக்கான தாள் நான் கொடுக்கவே இல்லை. ஜெயனி ஒரு பிழையும் விடவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். உமது கணவர் நடந்ததை மறைக்காமல், எந்தத் திட்டு என்பதையும் சேர்த்து, தன் கையால் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தாள் என் கைக்கு வந்த அன்று அவருடைய பெயரை எடுத்துவிடுகிறேன்.

அக்னெஸ் யோசெப்


கார்ட்டியர்வில்
8 மார்ச் 2024

சிசிலிக்கு,

சுகமாக இருக்கிறீரா? ஒரு மாதம் ஆகிறது. உம்மிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

ஆற்றில் நிற்பவரைப் பற்றி எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு மனிதரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐஸ்தான் தெரிகிறது, மதாம் என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தார்.

இரண்டு மாதமாக நான் அவரோடு பேசவில்லை. ஏன் என்று உமக்குத் தெரியும், மதர் சொன்னதை எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நண்பகல் தடியை ஊன்றிக்கொண்டு கரைக்கு இறங்கினேன். யோசெப், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். சத்தமாகக் கேட்கவில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். வா என்று கூப்பிடுகிற கையா, போ என்று அனுப்புகிற கையா என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய நாற்பத்தைந்து வயதில் நான் கடைசியாகக் கண்ட கை.

உமது கணவர் எழுதிவிட்டாரா?

அக்னெஸ்


பேசாலை
10 மார்ச் 2024

மச்சாளுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கத்தான் வேண்டும். விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள். மூன்று நாள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு இவருக்கு வாசித்துக் காட்டினேன். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மாலை வரைக்கும் பேசினார். கை நடுங்குவதால் எழுத முடியாது. அவர் சொன்னதை நான் எழுதுகிறேன். அடியில் கீறல் மாதிரி இருப்பது அவருடைய கையெழுத்து.

கடைசி வள்ளத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது உண்மை. அண்ணைக்குக் காய்ச்சல். நான் அப்போது இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. "நீ போ, அவள் தனிய இருக்கிறாள், நாளைக்கு வந்து என்னை ஏத்து" என்று அண்ணைதான் தள்ளி ஏற்றினாராம். வள்ளம் விலகும்போது போ, போ என்று கையைக் காட்டினாராம். கரையில் பொலிஸ் நின்றது. இன்னும் ஆள் இருக்கு என்றால் வள்ளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று வள்ளக்காரர் இவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினார். இவரும், திட்டில் ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் கடல் அடித்தது, ஒரு வள்ளமும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். இந்தியக் கரைப் பக்கம் இருந்து எண்ணினால் மூன்றாவது திட்டு.

அண்ணை போகச் சொன்னாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நானும் முப்பத்து மூன்று வருடமாக ஒரு பொய்யோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அண்ணை எனக்கும் அண்ணைதான். ஆனால் மச்சாள், இவர் பயத்தில் செய்தார். நீங்கள் கொன்வென்றில் படித்து, எல்லாம் தெரிந்து, பேனையை எடுத்துச் செய்தீர்கள். ஒரு கைக்குழந்தைக்காரியின் தலையில் அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தீர்கள்.

இப்போது இவர் தண்ணீரே குடிக்கிறார் இல்லை. வாயில் விட்டால் துப்புகிறார். மணலைக் கடகப் பெட்டியில் அள்ளுகிறேன். பெயரை எடுங்கள்.

சிசிலி


பேசாலை
19 மார்ச் 2024

மச்சாளுக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். சூசையும் யோசெப்பும் ஒரே பெயர்தானே, அண்ணையின் பெயர் நாள்.

காலையில் கோயிலுக்குப் போனேன். இங்கேயும் மரித்தோர் பெயர் எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கிறது. உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி மடித்துக் கொண்டுபோனேன். அக்னெஸ் யோசெப், மொன்றியல் என்று. பெட்டிக்கு முன்னால் கன நேரம் நின்றேன்.

போட்டேனா இல்லையா என்று எழுதமாட்டேன்.

சிசிலி


கார்ட்டியர்வில்
12 ஏப்ரல் 2024

அன்பின் சிசிலிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உமது வீட்டில் இருக்கட்டும். வலன்ரைனுக்கு ஆறுதல் தரட்டும்.

உமது இரண்டு கடிதங்களும் போன கிழமை வியாழன் ஒரே நாளில் வந்தன. அவருடைய கையால் எழுதியது வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதை இனிக் கேட்கமாட்டேன். அந்தக் கீறல் போதும்.

அன்று மாலையே சுவாமியிடம் போனேன். பெயரை எடுக்க வேண்டும் என்றேன். நவம்பர் முடிந்ததும் தாள்களை எல்லாம் எரித்துவிட்டோம் அம்மா, எடுக்க ஒன்றும் இல்லை, ஒரு பெயரை வாசித்தால் ஒருவருக்கும் கேடு வராது என்று சிரித்தார். நல்ல மனிதர், வயது குறைவு. அப்படியானால் ஞாயிறு பூசையில் எனக்குப் பேச இரண்டு நிமிடம் தாருங்கள் என்றேன்.

ஏழாம் திகதி, எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். வலன்ரைன் உயிரோடு இருப்பவர். அவருடைய பெயரை மரித்தோர் தாளில் எழுதியது நான், தெரிந்துகொண்டு எழுதினேன், அவர் சாக வேண்டும் என்று எழுதினேன். ஜெயனி பிழை விடவில்லை, நான் பொய் சொன்னேன். பிறகு அவருடைய சுகத்துக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லும்படி கேட்டேன். சொன்னார்கள். அப்போது எங்கள் நேரம் ஒன்பதே முக்கால். உங்களுக்கு மாலை ஏழேகால். அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்று நீர் கவனித்திருக்கலாம்.

வெளியே வந்ததும் ஜெயனியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாளை நீயே வைத்திரு என்றும் சொன்னேன். "அதை நான் அண்டைக்கே கிழிச்சுப்போட்டன் அன்ரி. சும்மா வெருட்டினனான்" என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு என்னை வீடு வரைக்கும் கூட்டிவந்தாள்.

யோசெப் போகச் சொன்னாரா, கூப்பிட்டாரா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. போகச் சொல்லக்கூடிய மனிதர்தான். அதை எழுத எனக்கு இவ்வளவு மாதம் எடுத்தது.

ஐஸ் உடைந்து பத்து நாளாகிறது. நடு ஆற்றில் திட்டு இல்லை, வெறும் தண்ணீர் ஓடுகிறது. அவர் இன்னும் நிற்கிறார்.

உமது வீட்டுக்கு ஐந்து நாளாகத் தொலைபேசி எடுக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவரும் தூக்கவில்லை. எனவே இரண்டு கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

வலன்ரைன் உயிரோடு இருக்கிறாரா?

அந்தத் தாளைப் பெட்டியில் போட்டீரா? காரணத்தோடுதான் கேட்கிறேன். சூசையப்பர் திருநாளில் இருந்து, அதாவது உமது கடிதம் என் கைக்கு வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே, எனக்குக் குடிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது. போட்டிருந்தால் எனக்கு உம்மில் கோபம் இல்லை. எடும் என்று கேட்கவும் மாட்டேன்.

இரண்டுக்கும் உமது கையால் பதில் எழுதி அனுப்பும்.

உமது மச்சாள்,
அக்னெஸ்